‘நான்தான் பேசறேன்’: குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வது எப்படி?

போனை எடுத்ததும் அந்தப் பக்கம் "நான்தான்" என்று ஒரு குரல். பேர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை. ஆனாலும் பேசுவது பெரியப்பாவா, பழைய ரூம்மேட்டா, வீட்டு ஓனரா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாத நம்பரிலிருந்து, ஜலதோஷத்தோடு, பஸ் இரைச்சலுக்கு நடுவே பேசினால்கூடப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொருவர் தொண்டையிலும் கைரேகை மாதிரி ஒரு தனி முத்திரை இருக்கிறது, காது அதைப் படித்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. ஒரு குரல் ‘இன்னாருடையது’ என்று ஆவதில் உடம்புக்கு ஒரு பங்கு, பழக்கத்துக்கு ஒரு பங்கு, கேட்பவரின் காதுக்கு ஒரு பங்கு உண்டு. மூன்றாவதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பங்கு.

உடம்பின் பங்கு

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துப் பாருங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. அப்படியே ‘ம்ம்ம்’ என்று மாற்றுங்கள். கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அந்த இடம்தான் குரல்வளை. அதற்குள்ளே இரண்டு சிறிய சதை மடிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. குரல் நாண்கள் என்று பாடப்புத்தகத்திலும் ‘வோக்கல் கார்ட்’ என்று டாக்டரிடமும் கேள்விப்படுவது இவற்றைத்தான்.

மூச்சு விடும்போது இரண்டும் விலகி வழி விடும். பேச நினைத்ததும் நெருங்கி வந்து வழியை அடைக்கும். நுரையீரலிலிருந்து வரும் காற்று முட்டித் திறக்கும், திறந்த மாத்திரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். இந்தத் திறப்பும் மூடலும் வளர்ந்த ஆணுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 120 முறை, பெண்ணுக்குச் சுமார் 200 முறை, சின்னப் பிள்ளைக்கு ஏறக்குறைய 300 முறை நடக்கிறது. நாணின் நீளமும் தடிமனும்தான் காரணம். ஆணுக்கு அது சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும், பெண்ணுக்கு 12 முதல் 17 வரை. இவ்வளவு சிறிய சமாசாரத்தை வைத்துக்கொண்டுதான் கச்சேரியும் செய்கிறோம், குழாயடிச் சண்டையும் போடுகிறோம்.

ஆனால் நாண்களில் பிறக்கும் ஒலியை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் அது வெறும் ‘பர்ர்’ சத்தம். யாருடையது என்று சொல்ல முடியாது. அது மேலே ஏறித் தொண்டை, வாய், மூக்கு வழியாக வெளியே வரும்போதுதான் ஆளின் சாயல் அதில் ஏறுகிறது. நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றித் தனியே ஊதினால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அப்படித்தான் இதுவும். அதை உலவில், அதாவது நீண்ட மரக்குழலில், பொருத்தினால்தான் நாதஸ்வரம். நம் நாண்கள் சீவாளி என்றால், அவற்றுக்கு மேலே உதடு வரை போகும் பாதை உலவு. வளர்ந்த ஆணுக்கு அந்தப் பாதை சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். நாதஸ்வரத்தில் ஸ்வரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது உலவும் அதன் துளைகளும். நமக்கு ஸ்வரத்தைத் தீர்மானிப்பவை நாண்களே; மேலே உள்ள பாதை சில அதிர்வுகளை எடுப்பாக்கும், சிலவற்றை அமுக்கிவிடும். ஒரே சுருதியில் ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால் நாக்கும் உதடும் மட்டும் அசைந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று புரியும். ஸ்வீடனைச் சேர்ந்த பேச்சொலி ஆய்வாளர் குன்னர் ஃபான்ட் 1960-இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். இன்றைய பேச்சுத் தொழில்நுட்பம் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

அண்ணத்தின் வளைவு, தாடையின் அகலம், மூக்கின் உட்புறம், பல்வரிசை என எதிலும் ஒருவரைப் போல இன்னொருவர் இருப்பதில்லை. அதனால்தான் இரண்டு பேர் ஒரே சுருதியில் பாடினாலும் குரல் வேறாகக் கேட்கிறது. சளி பிடித்தால் மூக்கு வழி அடைபடுகிறது, உடனே "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

குடும்பத்துக்குள் இந்த அமைப்பு ஓரளவு ஒத்துப்போகும். பேசும் விதத்தையும் வீட்டிலேயே கற்கிறோம். அதனால்தான் அத்தை போன் செய்து, எடுத்தது அம்மா என்றே நினைத்து, சம்பந்தி வீட்டு விவகாரத்தைப் பாதிவரை சொல்லிவிடுகிறார். "அத்தே, நான் அம்மா இல்ல" என்று சொல்வதா, மீதியையும் கேட்டுக்கொள்வதா என்பது மகளின் சாமர்த்தியம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஆணின் நாண்கள் அதிர்வதோ 120 ஹெர்ட்ஸில். அதாவது அவருடைய அடிச்சுருதி கம்பி வழியே வருவதே இல்லை. ஆனாலும் கனத்த குரலாகத்தான் நமக்குக் கேட்கிறது. 240, 360, 480 என்று வரும் மடங்குகளில் கிடைத்தவற்றை வைத்துக்கொண்டு, விட்டுப்போன அடியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. குரலைக் காது வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை, பாதியைத் தானே கட்டுகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மகரக்கட்டு உடைந்த பிறகு

பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். டெஸ்டோஸ்டிரோன் சுரந்து குரல்வளை பெரிதாகிறது, கழுத்தில் அது முன்தள்ளித் தெரியத் தொடங்குகிறது, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பெண்களுக்கும் மாற்றம் உண்டு, ஆனால் சில ஸ்வரங்கள் அளவுதான். இதை ‘மகரக்கட்டு உடைவது’ என்பார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இது பெரிய விஷயம். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம் போட்டு, உச்ச ஸ்தாயியில் பாடிக் கைதட்டல் வாங்கிய பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் வேஷம் போய்விடும். முகம் அதே முகம், நடிப்பு அதே நடிப்பு, ஆனால் கம்பெனியைப் பொறுத்தவரை ஆள் மாறிவிட்டான்.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. சில இளைஞர்களுக்கு மீசை முளைத்துவிடும், குரல்வளையும் ஒழுங்காக வளர்ந்திருக்கும், ஆனால் குரல் மட்டும் பழைய கீச்சுக்குரலாகவே நின்றுவிடும். மருத்துவத்தில் ப்யூபர்ஃபோனியா என்கிறார்கள். வகுப்பில் வாயைத் திறக்காமல் இருப்பது, போனில் "மேடம்" என்று அழைக்கப்பட்டுக் கூசிப்போவது, கல்யாணப் பேச்சு வரும்போது பதறுவது என்று அந்தப் பையன்கள் படும் பாடு கொஞ்சமில்லை. இத்தனைக்கும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. சிறுவயதுக் குரலை எப்படிப் பிடித்துப் பேசினார்களோ, தொண்டைத் தசைகள் அதே பிடியை விடாமல் வைத்திருக்கும். அவ்வளவுதான்.

காது-மூக்கு-தொண்டை மருத்துவர் முதலில் குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பார். நாண்கள் நன்றாக இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவார். அவர் செய்வது பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். "இருமுங்க" என்பார். இருமல் கட்டைக்குரலில் வரும். அதுதான் அந்தப் பையனின் வளர்ந்த குரல், உள்ளேயே இருந்திருக்கிறது. இருமலின் வாலைப் பிடித்து ‘ஆ’ என்று இழுக்கச் சொல்வார். சில சமயம் குரல்வளையை விரலால் மெல்லக் கீழே அழுத்திக்கொண்டே பேசச் சொல்வார். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பலருக்குச் சில வாரங்களில் குரல் இறங்கி நின்றுவிடும். அறுவை சிகிச்சை வரை போவது அபூர்வம்.

சுவாரசியம் இதற்கு அப்புறம்தான். புதுக்குரல் வந்ததும் எல்லோரும் துள்ளிக் குதிப்பதில்லை. ‘இது என் குரல் மாதிரி இல்லையே’ என்று தயங்குகிறவர்கள் உண்டு. பயிற்சி அறையில் கனமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும் பழைய குரலுக்கே திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. வேண்டாம் என்று வந்தவருக்கே பழைய குரல்தான் ‘நான்’ என்று படுகிறது. அதனால் பயிற்சியாளர்கள் வீட்டாரையும் நண்பர்களையும் தயார்ப்படுத்தச் சொல்வார்கள். முதல் நாள் யாராவது சிரித்துவிட்டால் போச்சு.

திருநங்கைகளும் திருநம்பிகளும் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து சந்திக்கிறார்கள். திருநம்பி டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டால் நாண்கள் தடித்துக் குரல் இறங்கும். ஆனால் ஒருமுறை தடித்த நாண் ஈஸ்ட்ரோஜனால் மெலியாது. எனவே திருநங்கைக்கு மருந்து குரலில் உதவாது. பயிற்சிதான் வழி, சிலருக்கு அறுவை சிகிச்சை. அந்தப் பயிற்சியில் சுருதியை ஏற்றுவது ஒரு பகுதி மட்டுமே. வாக்கியத்தை ஏற்றி இறக்கும் விதம், வாய்க்குள் ஒலி முட்டும் இடம் எல்லாவற்றையும் மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். வெறும் சுருதி மட்டும் ஏறினால் கேட்பவருக்குப் பெண்குரலாகத் தோன்றுவதில்லை.

வயதானால் ஆண்குரல் சற்று மேலேறி மெலியும், பெண்குரல் சற்று இறங்கும். ஆக, தொட்டிலிலிருந்து பாடை வரை ஒரே குரல் யாருக்கும் கிடையாது.

பழக்கத்தின் பங்கு

மிமிக்ரி மேடையில் ஒல்லியான ஓர் இளைஞர் நின்றுகொண்டு சிவாஜியாகவும் ரஜினியாகவும் பேசுகிறார். அவருடைய தொண்டை ரஜினியின் தொண்டை ஆகிவிடாது. அவர் எடுத்துக்கொள்வது வேகத்தை, வார்த்தைக்கு நடுவே விழும் இடைவெளியை, எந்த எழுத்தை அழுத்துகிறார், எதை விழுங்குகிறார் என்பதை. இரண்டு பதிவுகளையும் கருவியில் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கூட்டத்துக்கோ முதல் சொல்லிலேயே ஆள் தெரிந்து விசில் பறக்கிறது. நாம் ஒருவரை அடையாளம் வைத்திருப்பதில் தொண்டையைவிடப் பேச்சுப் பழக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டி.எம்.சௌந்தரராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டை ஒன்றுதான். ஆனால் பாட்டைக் கேட்டவுடனே, படம் தெரியாமலேயே, இது சிவாஜிக்கா எம்.ஜி.ஆருக்கா என்று சொல்லிவிடும் தலைமுறை ஒன்று இருந்தது. இன்னும் இருக்கிறது. அடித்தொண்டையின் கனத்தைக் கூட்டுவது, மூக்கொலியைக் கொஞ்சம் கலப்பது, உச்சரிப்பின் அழுத்தத்தை மாற்றுவது என்று ஒரே உடம்பிலிருந்து இரண்டு பேருக்கான குரல்களை அவர் எடுத்தார்.

ஊர் வேறு இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் கேள்வியை இழுத்து முடிக்கும் விதமும், கோயம்புத்தூர்க்காரர் ‘ங்க’ போடும் இடமும், யாழ்ப்பாணத்தவர் வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் போனிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஊர் மட்டுமா, படிப்பு, தொழில், சாதி என்று எதையெதையோ நம் காது இரண்டே வாக்கியத்தில் முடிவுகட்டிவிடுகிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போன் செய்தவரிடம் குரலைக் கேட்டவுடனேயே "வீடு முடிஞ்சிடுச்சு" என்று சொல்கிற ஊர் இது. குரல் அடையாளம் என்றால் அதில் இந்தக் கசப்பும் அடங்கும்.

காதின் பங்கு

தாய் வயிற்றில் ஆறாம், ஏழாம் மாதத்திலேயே குழந்தைக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வாயில் ஒரு ரப்பர் காம்பு. குழந்தை ஒரு தாளத்தில் சப்பினால் அம்மா கதை வாசிக்கும் குரல் கேட்கும், வேறு தாளத்தில் சப்பினால் இன்னொரு பெண் அதே கதையை வாசிக்கும் குரல் கேட்கும். குழந்தைகள் அம்மா குரல் வரும்படியே சப்பினார்கள். முகம் பழகும் முன்பே குரல் பழகிவிட்டிருக்கிறது.

மூளையில் காதுக்கு நேர் உள்ளே, பொட்டுப் பகுதியில், மற்ற ஒலிகளைவிட மனிதக் குரலுக்கு அதிகம் துள்ளும் இடங்கள் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் பாஸ்கல் பெலின் குழுவினர் காட்டினார்கள். இந்த அமைப்பு சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. லண்டன் ஆய்வாளர்கள் 2009-இல் விவரித்த அறுபது வயதுப் பெண்மணிக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சு புரியும், பேசுபவர் கோபமாக இருக்கிறாரா வருத்தமாக இருக்கிறாரா என்பதும் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது, சொந்த மகளே பேசினாலும். அதனால் இன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவர்களின் போனைத்தான் எடுப்பாராம். நாம் "நான்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவு பெரிய சலுகை என்று அவரைக் கேட்டால் தெரியும்.

நன்றாகப் பழகிய குரல் என்றால் காது கெட்டி. கிசுகிசுத்தாலும், அழுதாலும், சிரித்தாலும் கண்டுபிடித்துவிடும். பழகாத குரலில்தான் அது கோட்டை விடுகிறது. ஒரே ஆளின் வேறு வேறு பதிவுகளைக் கொடுத்து ‘எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பிரித்து வையுங்கள்’ என்றால், அவரை அறியாதவர்கள் ஒருவரையே பல பேராகப் பிரித்துவிடுகிறார்கள். அறிந்தவர்கள் அந்தத் தவற்றை அவ்வளவாகச் செய்வதில்லை.

இதை மறந்துவிட்டால் கோர்ட்டில் உயிரே போகலாம். விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் குழந்தை 1932 மார்ச்சில் கடத்தப்பட்டது. பணயத் தொகை கொடுக்கப் போன இரவில், நியூயார்க்கின் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்த லிண்ட்பெர்க், பணத்தைக் கொண்டுபோன தரகரைத் தூரத்திலிருந்து யாரோ கூப்பிட்ட ஓரிரு சொற்களைக் கேட்டார். இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து, இந்த வழக்கில் கைதான ஹாப்மான் என்பவரின் குரல் அதுவேதான் என்று சாட்சி சொன்னார். ஹாப்மானுக்கு எதிராக வேறு சாட்சியங்களும் இருந்தன, 1936-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் அந்தக் குரல் சாட்சியம் ஃபிரான்சிஸ் மெகீ என்ற உளவியலாளரை உறுத்தியது. முன்பின் அறியாத ஒருவர் வாசிப்பதை மாணவர்களைக் கேட்க வைத்து, பிறகு சில குரல்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் 1937-இல் வெளியிட்ட முடிவின்படி, மறுநாள் சரியாகச் சொன்னவர்கள் 83 சதவீதம். மூன்று மாதம் கழித்து 35. ஐந்து மாதம் கழித்து வெறும் 13.

சரி, காதை விட்டுவிட்டுக் கருவியிடம் கொடுக்கலாமே? 1962-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா, ஒலியைப் படமாக வரைந்து ‘குரல்ரேகை’ என்று பேர் வைத்தார். பேரே பாதி வேலையைச் செய்துவிட்டது; கைரேகைக்குச் சமமாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 1979-இல் எச்சரித்தது. விரல் ரேகை காலையிலும் மாலையிலும் ஒன்றாகவே இருக்கும். குரல் காலையில் கரகரப்பாகவும் கோபத்தில் கீச்சென்றும் இருக்கும். இன்றைய தடயவியல் நிபுணர்கள் கணினியின் உதவியோடு ‘ஒத்துப்போக இவ்வளவு வாய்ப்பு’ என்ற அளவில்தான் பேசுகிறார்கள். நம் நாட்டில், விசாரணைக்காக ஒருவர் குரல் மாதிரி தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என உச்ச நீதிமன்றம் ரிதேஷ் சின்ஹா வழக்கில் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாதிரி எடுப்பது வேறு, அதை வைத்து ஆளை உறுதிசெய்வது வேறு.

நம் குரலே நமக்கு அந்நியம்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் நோட்டைத் திரும்பக் கேட்டு முகம் சுளிக்காதவர் யார்? அதில் போன் செய்த தப்பு எதுவுமில்லை. மற்றவர் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் வருகிறது. நம் குரலோ காற்று வழியாகவும் வருகிறது, மண்டை எலும்பின் வழியாக உட்காதுக்கு நேரடியாகவும் போகிறது. எலும்பு கனத்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் நமக்கு நாம் கொஞ்சம் கனமாகவும் நிறைவாகவும் கேட்போம். பதிவில் எலும்பின் உபயம் கிடையாது. ஊரார் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிந்த குரலைத்தான். நம் குரலைச் சரியாகக் கேட்காத ஒரே ஆள் நாம்தான்.

குரல் போனால்

1967 ஜனவரி 12 அன்று ராமாபுரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படம் போஸ்டராகித் தமிழ்நாட்டையே கலக்கியது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. உச்சரிப்பு மழுங்கியது, சொற்கள் குழைந்தன. ஒரு நடிகருக்கு, அதுவும் மேடைப் பேச்சை நம்பிய அரசியல்வாதிக்கு, அது தொழிலே முடிகிற அடி. வேறு ஒருவரை வைத்து வசனம் பேசவைக்கும் வசதி அன்றைக்கே இருந்தது. அவர் மாறிய குரலிலேயே பேசினார், மாறிய குரலிலேயே மேடை ஏறினார், பத்து வருஷம் கழித்து முதலமைச்சரும் ஆனார். ஜனங்கள் காதைப் புதுக்குரலுக்குப் பழக்கிக்கொண்டார்கள். நான் கேட்டவரை, இன்று மேடையில் ‘எம்.ஜி.ஆர். குரல்’ என்று செய்துகாட்டுவதில் பெரும்பாலானது 1967-க்குப் பிந்தைய குரல்தான். ஒலியைப் பொறுத்தவரை அது குண்டடிபட்ட குரல்; கேட்டவர்களுக்கோ அதுதான் அவர்.

பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் கதையும் இதுபோலத்தான், இன்னும் ஒரு படி மேலே. 1985-இல் நிமோனியா வந்து, மூச்சுக்குழாயில் துளையிட்டதில் பேச்சு அடியோடு போயிற்று. பிறகு ஒரு கணினிக் குரல் கிடைத்தது. அது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளர் தன் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பிரிட்டிஷ்காரர் வாயில் அமெரிக்க உச்சரிப்பு! பின்னாளில் எவ்வளவோ இயல்பான குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றவில்லை. அந்தக் குரலோடு தான் ஒன்றிவிட்டதாகச் சொன்னார். பழைய கருவி கெட்டுப்போகும் நிலை வந்தபோது, அதே இயந்திரத்தனமான குரலைப் புதிய கணினியில் அச்சு அசலாகக் கொண்டுவர ஒரு குழு வருஷக்கணக்கில் உழைத்தது. 1988-இல் இறந்துபோன கிளாட்டின் குரலை உலகம் ஹாக்கிங்கின் குரல் என்றே அறியும்.

இரவல் குரலும் திருட்டுக் குரலும்

குரலை ஆளிடமிருந்து பிரித்து இன்னொருவருக்குக் கொடுப்பதில் தமிழ் சினிமாவுக்கு ரொம்ப நாள் அனுபவம். எண்பதுகளில் ‘மைக் மோகன்’ என்று பேர் வாங்கிய நடிகர் மோகனுக்குப் பல படங்களில் வசனக் குரல் எஸ்.என்.சுரேந்தருடையது, பாட்டுக் குரல் பெரும்பாலும் எஸ்.பி.பி.யுடையது. இரண்டையும் ஒட்டி ‘மோகன் குரல்’ என்று ஒன்றை நம் காதே தயாரித்துக்கொண்டது. யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை. குரல் கொடுத்தவருக்குச் சம்பளம் உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, குரல் கொடுப்பவர் இல்லாமலே குரலை எடுத்துக்கொள்ள முடிகிறது. மூன்று நொடிப் பதிவு இருந்தால் அந்தக் குரலில் புதிதாகப் பேசவைக்கும் அமைப்பை மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியிலேயே அறிவித்தது. 2024-இல் ஏ.ஆர்.ரகுமான், பல வருஷங்களுக்கு முன்பே மறைந்த பாடகர் சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்களை ஒரு படப் பாட்டில் மீண்டும் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அனுமதி வாங்கியது நல்லதுதான். ஆனாலும் இப்படிப் பாட மாட்டேன் என்று மறுக்கும் உரிமையைக் குடும்பம் மறைந்தவருக்காகப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி எனக்கு மிச்சமிருக்கிறது.

சட்டம் மெல்லத்தான் வருகிறது. அமெரிக்காவில் பாடகி பெட் மிட்லர் ஒரு கார் விளம்பரத்துக்குப் பாட மறுத்தார். ஃபோர்டு நிறுவனத்தின் விளம்பரக்காரர்கள் அவரிடம் கோரஸ் பாடிய இன்னொருவரை அழைத்து, அவரைப் போலவே பாடவைத்தார்கள். 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குரலும் முகத்தைப் போல ஒருவருக்குரியது, அதைப் பாவனை செய்து விற்பது தவறு என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. இங்கே 2024 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி ஏ.ஐ. மூலம் நகலெடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

பிரபலங்களுக்குக் கோர்ட் இருக்கிறது. நமக்கு? மகன் குரலில் "அப்பா, ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால் எந்த அப்பாவும் சுருதியை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். நகல் கச்சிதமாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. கம்பியில் வராத அடிச்சுருதியை நிரப்பிக்கொள்ளும் அதே மூளை, நகலில் உள்ள குறைகளையும் நிரப்பிக்கொள்ளும். அழுகையும் இரைச்சலும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. இந்த இடத்தில் பழகிய காதுதான் மோசடிக்காரனுக்குத் துணை.

எனவே குரலைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மகனின் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவன் எடுக்கவில்லை என்றால், அவனோடு இருக்கும் நண்பனுக்குக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். குலதெய்வம் பேர், நாய்க்குட்டி பேர் எல்லாம் வேண்டாம், அவை ஃபேஸ்புக்கிலேயே கிடைக்கும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.